முன்னும் பின்னும் சுற்றியும்: நடையின் திசை பற்றிய சில நம்பிக்கைகள்

தலை அறுபட்ட கோழி சிறகடித்துக்கொண்டு சில அடி ஓடி விழுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம் ஊர்களில் ஏராளம். பார்த்தவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "நடக்கிறதுக்கு மூளையே வேண்டாம் போல" என்பது ஒன்று. "மூளை போட்ட கடைசிக் கட்டளையில ஓடுது" என்பது இன்னொன்று. இரண்டுமே சரியில்லை. இரண்டும் எங்கே தவறுகின்றன என்று தேடிப்போனால், விலங்குகளின் நடையைப் பற்றிக் கடந்த நூறாண்டுகளில் தெரியவந்த மிக முக்கியமான செய்தி கைக்கு வரும்: காலடியின் தாளம் ஓரிடத்தில் பிறக்கிறது, அதன் திசை வேறோர் இடத்திலிருந்து வருகிறது.

நம்பிக்கை: ஒவ்வோர் அடியையும் மூளைதான் எடுத்துவைக்கிறது

1911இல் தாமஸ் கிரகாம் பிரவுன் என்ற உடலியல் அறிஞர் பூனைகளில் ஒரு சோதனை செய்தார். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் இடையிலான தொடர்பை வெட்டினார். கால்களிலிருந்து தண்டுவடத்துக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புகளையும் வெட்டினார். மேலிருந்து கட்டளை இல்லை. கீழிருந்து தகவலும் இல்லை. அப்போதும் பின்னங்கால் தசைகள் மடங்குவதும் நீள்வதுமாக மாறி மாறி இயங்கின. நடையின் தாளம் தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு அது வலுவான சான்றானது.

அப்படியென்றால் மேலே இருக்கும் மூளைக்கு என்ன வேலை? 1966இல் மாஸ்கோவில் ஷிக், செவெரின், ஓர்லோவ்ஸ்கி ஆகிய மூவர், பெருமூளையின் தொடர்பு நீக்கப்பட்ட பூனையை டிரெட்மில்லின் மேல் நிறுத்தி, நடுமூளையில் ஒரு சிறு பகுதிக்கு மின்சாரம் செலுத்தினார்கள். பூனை நடந்தது. மின்னோட்டத்தைக் கூட்டியதும் ஓடியது. இன்னும் கூட்டியதும் நாலுகால் பாய்ச்சலில் போனது. எந்தக் காலை எப்போது தூக்குவது என்று அந்த மின்சாரம் சொல்லவில்லை. "கிளம்பு", "இன்னும் வேகமாக" என்பதற்கு மேல் அதில் செய்தி எதுவும் கிடையாது. மற்றதையெல்லாம் தண்டுவடம் பார்த்துக்கொண்டது.

கோழியின் கதையும் இதுவே. கழுத்து அறுபட்டதும் மூளையின் பிடி விலகுகிறது. தண்டுவடத்தில் இருக்கும் நரம்புச் சுற்றுகள் தாமாகவே கிளர்ந்து கால்களையும் சிறகுகளையும் இயக்குகின்றன. அதில் ஓட்டம் இருக்கும், போக்கிடம் இருக்காது.

இங்கே பலரும் மைக் என்ற சேவலைக் காட்டுவார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1945 செப்டம்பரில் தலை வெட்டப்பட்ட அந்தச் சேவல் 18 மாதங்கள் உயிரோடு இருந்தது, நடந்தது, எடையும் கூடியது. மூளையில்லாமல் வாழ்ந்த சேவல் என்று இன்றும் எழுதுகிறார்கள். அது உண்மையல்ல. கோடரி சற்று மேலே விழுந்ததால் மூளைத்தண்டின் பெரும்பகுதி கழுத்தோடு தங்கிவிட்டது. மூச்சையும் இதயத் துடிப்பையும் நடையின் தொடக்கத்தையும் கவனிக்கும் பகுதி அதுதான். மைக் நடந்தது மூளையில்லாமல் அல்ல, மிஞ்சிய மூளையால்.

நம்பிக்கை: பின்னோக்கி நடப்பது, முன்நடையைத் தலைகீழாக ஓட்டுவதுதான்

பழத்தட்டைச் சுற்றும் பொடி ஈயும் பின்னோக்கி நடக்கும். அடிக்கடி அல்ல. முட்டுச்சந்தில் மாட்டினாலோ முன்னால் எதிலாவது இடித்தாலோ நாலைந்து அடி பின்வாங்கும், பிறகு திரும்பிப் போகும். அந்தச் சில அடிகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை வியன்னாவில் சலில் பிதாயே, பேரி டிக்சன் ஆகியோரின் குழு கண்டறிந்து 2014இல் வெளியிட்டது.

அவர்கள் கையாண்ட முறை பொறுமையின் உச்சம். சூடு பட்டால் நரம்புச் செல்லைத் தூண்டிவிடும் ஒரு புரதம் உண்டு. மரபணு வழியாக அதை ஈக்களுக்குள் புகுத்தினார்கள். ஒவ்வோர் ஈ வம்சத்திலும் வெவ்வேறு நரம்புச் செல்கள் மட்டும் அந்தப் புரதத்தைப் பெறும்படி செய்து, இப்படி 3,000க்கும் மேற்பட்ட வம்சங்களை ஒவ்வொன்றாகச் சூடேற்றிப் பார்த்தார்கள். அவற்றில் ஒரு வம்சத்து ஈக்கள், வெப்பம் ஏறியதும் எல்லாமே பின்னோக்கி நடக்கத் தொடங்கின. வெப்பம் இருக்கும்வரை பின்னோக்கியே நடந்தன. மைக்கேல் ஜாக்சனின் புகழ்பெற்ற நடனத்தை நினைத்து அவற்றுக்கு 'மூன்வாக்கர்' என்று பெயர் வைத்தார்கள்.

தேடிக்கொண்டே போனதில் அந்த மாற்றத்துக்குக் காரணமானவையாக மிஞ்சியவை, மூளையிலிருந்து உடலின் நரம்புத்தண்டுக்கு இறங்கும் நான்கே நரம்புச் செல்கள்: பக்கத்துக்கு இரண்டு. பழ ஈயின் மூளையில் மொத்தம் 1,39,255 நரம்புச் செல்கள் இருப்பதாக 2024இல் வெளியான முழு வரைபடம் காட்டுகிறது. மூளையிலிருந்து உடலுக்கு இறங்குபவை சுமார் 1,300. அவற்றில் நான்கு செல்கள் ஆறு கால்களின் போக்கையே மாற்றிவிடுகின்றன. அந்த நான்கையும் முடக்கிவிட்டு ஈயை முட்டுச்சந்துக்குள் விட்டபோது, அதற்குப் பின்வாங்க முடியவில்லை. முன்நடையில் குறை எதுவும் இல்லை; பின்நடை மட்டும் போய்விட்டது.

இவை முன்நடையை அப்படியே திருப்பிப் போடும் பொத்தான்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தச் செல்களின் செய்தி கீழே போய் எங்கே சேர்கிறது என்று 2020இல் ஆராய்ந்தபோது, வேலை பிரிந்து கிடப்பது தெரிந்தது. ஒரு வகை நரம்புச் செல்கள் காலைத் தரையிலிருந்து தூக்குகின்றன. வேறொரு வகை, பின்னங்கால் தரையில் ஊன்றியிருக்கும்போது அதை மடக்கி உடலைப் பின்னே இழுக்கின்றன. இது பின்நடைக்கென்றே அமைந்த ஏற்பாடு.

இன்னும் வியப்பானது 2018இல் அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் தெரிந்தது. ஈயாவதற்கு முன் அது புழு. புழுவுக்குக் காலே கிடையாது. உடலைச் சுருக்கி விரித்து ஊர்கிறது. அந்தப் புழுவைப் பின்னோக்கி ஊரவைப்பதும் இதே செல்கள்தான். கூட்டுப்புழுப் பருவத்தில் தசைகள் கரைந்து புதிதாக உருவாகின்றன, கால்கள் முளைக்கின்றன, உடலே வேறாகிறது. ஆனால் 'பின்னே போ' என்று சொல்லும் செல்கள் அப்படியே பிழைத்து, முன்பு புழுவுடலுக்குச் சொன்னதைப் பிறகு ஆறு கால்களுக்குச் சொல்கின்றன. கட்டளையும் அதை நிறைவேற்றும் பொறியும் தனித்தனி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மனிதரிலும் இப்படித்தான். பின்னோக்கி நடக்கும் ஒருவரின் கால் அசைவைப் படமெடுத்துத் திருப்பி ஓட்டினால் முன்நடையைப் போலவே இருக்கும். ஆனால் எந்தத் தசை எப்போது இயங்குகிறது என்று அளந்தால் கணக்கு வேறாக வருகிறது. 2007இல் சோய், பாஸ்டியன் என்ற இருவர், இடது காலுக்கும் வலது காலுக்கும் வெவ்வேறு வேகத்தில் ஓடும் டிரெட்மில்லில் ஆட்களை நடக்கவிட்டார்கள். சிறிது நேரத்தில் உடல் அந்த ஏற்றத்தாழ்வுக்குப் பழகியது. முன்நடையில் பழகியது பின்நடைக்குப் போய்ச் சேரவில்லை. முன்நடைக்கு ஒரு வலைப்பின்னல், பின்நடைக்கு இன்னொன்று.

நம்பிக்கை: பின்னோக்கி 100 அடி நடந்தால் முன்னோக்கி 1,000 அடிக்குச் சமம்

காலை வணக்கச் செய்திகளோடு வாட்ஸ்அப்பில் வரும் வாசகம் இது. பத்து மடங்கு என்பதற்கு ஆதாரம் இல்லை. பல்வேறு உடலுழைப்புகளுக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று தொகுத்த அட்டவணையைப் பார்த்தால், மணிக்கு சுமார் 5.6 கி.மீ. வேகத்தில் முன்னோக்கி நடக்க, சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல 4.3 மடங்கு ஆற்றல் செலவாகும். அதே வேகத்தில் பின்னோக்கி நடக்க 6 மடங்கு. கூடுதல்தான், ஆனால் ஒன்றரை மடங்குகூட இல்லை. முழங்கால் சிகிச்சையில் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பின்நடை தருவது வேறு. அறுபதைத் தாண்டியவர் மொட்டைமாடியில் தனியாகப் பின்னோக்கி நடப்பது வேறு. இடுப்பெலும்பு முறிந்தால் எந்த மடங்குக் கணக்கும் உதவாது.

நம்பிக்கை: நண்டுக்கு நேராக நடக்கத் தெரியாது

தெரியும், மெதுவாக. பெரும்பாலான நண்டுகளின் கால் மூட்டுகள் பக்கவாட்டில் மடங்கி நீளும்படி அமைந்தவை. ஓடும் பக்கத்துக் கால்கள் இழுக்க, எதிர்ப்பக்கக் கால்கள் தள்ளுகின்றன. அதுதான் அவற்றுக்கு வேகமான வழி. சிலந்தி நண்டுகள் பெரும்பாலும் முன்னோக்கித்தான் நடக்கின்றன. ஆஸ்திரேலியக் கரைகளில் கூட்டம் கூட்டமாக நகரும் படைவீரர் நண்டுகளும் அப்படியே.

ஒரே திசையில் மட்டும் நடக்கும் உயிர் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால், வீட்டுத் திண்ணையோரப் புழுதியில் புனல்போல் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் குழிநரி இருக்கிறது. குழியானை என்றும் சொல்வார்கள். விரலில் எடுத்து மணலில் விட்டால் பின்னோக்கியே நகர்ந்து புதைந்துகொள்ளும். முன்னோக்கி நடக்காது. அதன் உறவில், குழி பறிக்காத சில இனங்களின் புழுக்கள் முன்னோக்கியும் நடக்கின்றன.

நம்பிக்கை: திரும்புவதற்கு ஒரு பக்கக் கால்களுக்கு அதிக வேகம் கொடுக்க வேண்டும்

இப்படி நினைப்பது இயல்பு. எலியின் மூளைத்தண்டு வேறுவிதமாகச் சொல்கிறது. 2015இல் ஸ்வீடனில் ஓலே கீன் என்பவரின் குழு, சுண்டெலியின் மூளைத்தண்டில் ஒருவகைச் செல்களைக் கண்டது. இருபக்கமும் அவற்றைத் தூண்டினால் ஓடிக்கொண்டிருக்கும் எலி நின்றுவிடும். நடையை நிறுத்தும் செல்கள் என்று அவை பெயர் பெற்றன. 2020இல் கோபன்ஹேகனிலிருந்து அதே குழு அடுத்த கேள்வியைக் கேட்டது: ஒரு பக்கத்தில் மட்டும் தூண்டினால்? எலி நிற்கவில்லை. தூண்டிய பக்கம் திரும்பியது. அந்தப் பக்கக் கால்களின் அடி குறுகியது. மறுபக்கக் கால்கள் வழக்கம்போல் போக, உடல் வளைந்தது. ஒரு பக்கத்தில் அந்தச் செல்களை அடக்கினால் எதிர்ப்பக்கம் திரும்பியது.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இடப்பக்கம் திரும்ப இடத்து மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடிப்பார்கள். நிற்பதற்கும் திரும்புவதற்கும் தனித்தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. இரண்டு பக்கமும் இழுத்தால் நிற்கும், ஒரு பக்கம் இழுத்தால் திரும்பும்.

பார்க்கின்சன் நோயாளிகளைக் கவனித்துக்கொள்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நேராக ஓரளவு நடக்கும் நோயாளி, கதவருகே வந்து திரும்ப முயலும்போது பாதம் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிடுவார். அதைப் பிடிவாதம் என்றோ பயம் என்றோ வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். இந்நோயில் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைகிறது. 1970ஆம் ஆண்டையொட்டி ஸ்டாக்ஹோமில் உங்கர்ஸ்டெட் என்ற ஆய்வாளர், எலி மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் டோபமைன் செல்களை அழித்தார். அந்த எலிகள் ஒரே திசையில் சுற்றத் தொடங்கின. எத்தனை சுற்று என்று எண்ணியே பல ஆண்டுகள் பார்க்கின்சன் மருந்துகளைச் சோதித்தார்கள். மூளையின் ஆழத்திலிருந்து மேலே சொன்ன திருப்பும் செல்களுக்கு இறங்கும் பாதையைக் கோபன்ஹேகன் குழு 2024இல் காட்டியது. பார்க்கின்சன் நிலைக்குக் கொண்டுவந்த சுண்டெலிகளில் அந்தப் பாதையைத் தூண்டியபோது திரும்பும் திறன் மீண்டது. திரும்ப முடியாமல் நிற்பவர் முயலாமல் நிற்கவில்லை. அவரைக் கையைப் பிடித்து இழுப்பது தவறு.

நம்பிக்கை: குளவி கொட்டிய கரப்பான் முடங்கிப்போகிறது

மரகத நிறக் குளவி ஒன்று கரப்பான்பூச்சியின் தலைக்குள் கொடுக்கைச் செலுத்தி, மூளையிலேயே நஞ்சை இறக்குகிறது. பிறகு உணர்கொம்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டு தன் வளைக்குக் கூட்டிப்போகிறது. கரப்பான் பின்னாலேயே நடந்துபோகிறது. கால்கள் முடங்கவில்லை. மல்லாத்தினால் புரண்டு எழும். போனது ஒன்றுதான்: தானாகக் கிளம்பும் தூண்டுதல். இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் பிரெட் லிபர்சாட் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். கொம்பைப் பிடித்தவர் போகும் திசையே அந்தக் கரப்பானின் திசை.

நம்பிக்கை: வழி தவறியவர் வட்டமடிப்பது ஒரு கால் நீளமாக இருப்பதால்

'திகைப்பூண்டு மிதித்தவன் போல' என்று நம்மிடையே ஒரு சொலவடை உண்டு. காட்டில் அந்தச் செடியை மிதித்தால் திசை மறந்து சுற்றிச் சுற்றி வருவார்கள் என்பது நம்பிக்கை. படித்தவர்கள் செடியை விட்டுவிட்டுக் கால் நீளத்தைக் காரணமாக்கினார்கள். வலது கால் சற்றே நீளமானால் இடப்பக்கமாக வளைந்து வளைந்து வட்டமாகிவிடும் என்றார்கள். கேட்பதற்கு அறிவியல் போலவே இருக்கிறது.

ஜெர்மனியின் டூபிங்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த யான் சவ்மன் முதலானோர் இதை நேரில் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். ஜிபிஎஸ் கருவியோடு ஆட்களை ஜெர்மானியக் காடு ஒன்றிலும், துனீசியாவின் சகாரா பாலைவனத்திலும் மணிக்கணக்கில் நேராக நடக்கச் சொன்னார்கள். வெயில் இருந்தபோது காட்டில் நடந்தவர்கள் ஏறத்தாழ நேராகவே போனார்கள். மேகம் மூடியபோது நடந்தவர்கள் வட்டமடித்தார்கள். தாங்கள் வந்த பாதையையே வெட்டிக் கடந்தும் அதை அறியவில்லை. பாலைவனத்தில் இரவில் நடந்தவர், நிலவு மறைந்ததும் பலமுறை திரும்பி வந்த திசையிலேயே போனார். கண்ணைக் கட்டி விட்டபோது சிலரின் வட்டம் 20 மீட்டர் விட்டத்துக்கும் சுருங்கியது.

கால் நீளம்தான் காரணமென்றால் ஒருவர் எப்போதும் ஒரே பக்கம் வளைய வேண்டும். பெரும்பாலோர் அப்படி வளையவில்லை. அதே ஆள் ஒருமுறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமும் வளைந்தார். கால்களின் வலிமைக்கும் வளைவுக்கும் தொடர்பில்லை. எது நேர் என்று உடல் வைத்திருக்கும் கணிப்பில் ஒவ்வோர் அடியிலும் சிறு பிழை சேர்கிறது. வெயிலோ தொலைவில் ஒரு குன்றோ தெரிந்தால் அந்தப் பிழை அவ்வப்போது திருத்தப்படுகிறது. எதுவும் தெரியாதபோது பிழைமேல் பிழை ஏறுகிறது.

தென்னாப்பிரிக்காவில் சாணி உருட்டும் வண்டு ஒன்று இதை அழகாகச் சமாளிக்கிறது. தலையைக் கீழே ஊன்றி, பின்னங்கால்களால் உருண்டையைத் தள்ளிக்கொண்டு பின்னோக்கி நடக்கும் அந்த வண்டு, நிலவில்லாத இரவிலும் நேராகப் போகிறது. மேரி டாக்கே என்ற ஸ்வீடன் ஆய்வாளரின் குழு வண்டுகளுக்குச் சிறு அட்டைத் தொப்பி அணிவித்து வானத்தை மறைத்தபோது அவை கோணல்மாணலாக அலைந்தன. ஜொகன்னஸ்பர்க் கோளரங்கத்துக்குள் பால்வீதியை மட்டும் காட்டியபோதும் நேராக நடந்தன. 2013இல் இது வெளியானது.

வானத்தைப் பார்த்துத் திசையை வைத்திருக்கும் இடம் பூச்சி மூளையின் நடுவில் இருக்கிறது. 2015இல் ஜோஹானஸ் சீலிக், விவேக் ஜெயராமன் இருவரும் பழ ஈயின் மூளையில் வளையமாக அமைந்த ஒரு பகுதியைக் கவனித்தார்கள். ஈ திரும்பத் திரும்ப, நரம்புச் செல்களின் துடிப்பும் அந்த வளையத்தில் சுற்றி வந்தது. விளக்கை அணைத்த பிறகும் அது சிறிது நேரம் திசை காட்டியது. போக நினைக்கும் திசையும் இப்போது பார்க்கும் திசையும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று ஒப்பிட்டு, இடம் அல்லது வலம் என்ற செய்தியாக மாற்றும் செல்களை ஹார்வர்டு, ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகங்களின் இரு குழுக்கள் 2024இல் தனித்தனியே காட்டின.

நம்பிக்கை: ஆடு ஒரே இடத்தில் சுற்றினால் கண்ணேறு, அல்லது காற்றுக் கருப்பு

2022 நவம்பரில் சீனாவின் உள் மங்கோலியாவில் ஒரு பட்டியில் ஆடுகள் பத்து நாட்களுக்கு மேலாக வட்டமாக நடந்த காணொளி உலகெங்கும் பரவியது. அழிவின் அறிகுறி என்று பேசினார்கள். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா நோய் என்றார்கள் வேறு சிலர். அந்த நோய் கண்ட செம்மறி ஆடு அத்தனை நாள் நலமாக நடந்துகொண்டிருப்பது அரிது என்பதால் அந்த விளக்கம் பொருந்தவில்லை. அடைத்து வைக்கப்பட்ட விலங்குகளிடம் காணும் பழக்கநடை என்பது இன்னொரு கருத்து.

அந்தக் காணொளியை மறந்துவிடலாம். நம் வீட்டு ஆடு ஒன்று மட்டும் மந்தையை விட்டு விலகி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரே திசையில் சுற்றினால் அது நரம்பில் விழுந்த அடி. மூளைத்தண்டின் ஒரு பக்கத்தை லிஸ்டீரியா தாக்கினால் ஆடு சுற்றும். ஒரு காது தொங்கும், எச்சில் வடியும். கெட்டுப்போன ஊறுகாய்ப்புல்லிலிருந்து இது வருவதுண்டு. நோய் வேகமானது, தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால்தான் பிழைக்கும். மற்றொன்று நாடாப்புழுவின் நீர்க்கட்டி. நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் முட்டை, நாயின் கழிவு விழுந்த புல்லோடு ஆட்டின் வயிற்றுக்குப் போகிறது. குஞ்சுப்புழு மூளையை அடைந்து கட்டியாக வளர்கிறது. பெரும்பாலும் கட்டி இருக்கும் பக்கமாகவே ஆடு சுற்றும். வாரக்கணக்கில் மெல்ல முற்றும். அந்த ஆடு செத்து, அதன் தலையை நாய் தின்றால் புழு மீண்டும் நாய்க்குள் போகிறது.

கறுப்புக் கயிறு கட்டிக் காத்திருக்கும் நாட்கள்தான் அந்த ஆட்டின் உயிரைக் கொண்டுபோகின்றன. ஆடு வளர்ப்பவர்கள் சுற்றும் ஆட்டை அன்றே தனியே கட்டி, அருகில் உள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். அந்த ஆட்டின் பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்கக் கூடாது, குறிப்பாகக் கர்ப்பிணிகள். பட்டியைக் காக்கும் நாய்க்கு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மருந்து கொடுங்கள். செத்த ஆட்டின் தலையை நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதையுங்கள்.